பன்னிரண்டு முதல் இரண்டு வரை

அந்தத் தெருவில் பகல் வேளையில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். தபால்காரர் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நகர்ந்துவிடுவார். காய்கறிக்காரர் தெருமுனை வரைக்கும் கூவிக்கொண்டு வருவார், தெருவுக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டு வண்டியை மட்டும் தள்ளுவார். புதிதாக வந்த கேஸ் வண்டிக்காரர் ஒருமுறை விவரம் தெரியாமல் சிலிண்டரைத் தரையில் உருட்டிவிட்டார். நாலு வீட்டுப் பெண்கள் வெளியே வந்து, சத்தமே போடாமல், கிசுகிசுத்த குரலிலேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அப்படித் திட்டு வாங்கியது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முப்பத்திரண்டு வீடு. அத்தனை வீட்டிலும் ஆண்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் ரொட்டி ஆலையில் இரவு வேலை. ஊர் விடிந்ததும் தின்னுகிற ரொட்டியை இவர்கள் விடியும் முன்னே சுட்டு, அடுக்கி, வண்டியில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் எதிர்த்திசையில் நடந்து வீட்டுக்கு வருவார்கள். சட்டைக் காலரில், காதுமடலில், புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும்.

இப்படிப்பட்ட தெருவின் தலைக்குமேல் விமானம் போனது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் தெருவுக்குப் பின்னால் ஒரு கூப்பிடு தூரத்தில்தான் ஆரம்பித்தது. இறங்குகிற விமானத்தின் சக்கரங்களில் எத்தனை தேய்ந்திருக்கிறது என்று மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற பெண்களால் சொல்லமுடியும். ஓடுதளம் கட்டும்போது தெருக்காரர்கள் போய்ச் சண்டை போட்டதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை அந்த ஓடுதளத்தில் எதுவும் இறங்காது, ஏறாது. அரசாங்க ஆணையிலேயே அது இருந்தது. அந்த இரண்டு மணி நேரம்தான் தெருவுக்குத் தூக்கம். மீதி நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சில மாதங்களாகக் கை வைக்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் வாரத்துக்கு ஒன்று வந்தது. பிறகு தினமும் ஒன்று. கேட்டால் காற்று மாறிவிட்டது, எரிபொருள் தீரப்போகிறது, அவசரம் என்று ஏதாவது சொன்னார்கள். எந்த அவசரமும் சரியாக அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் வந்து தொலைத்தது.

ஒன்பதாம் வீட்டுக்காரர் ஆலையில் மாவு பிசைகிற மிஷினுக்குப் பொறுப்பு. ஆள் உயரத் தொட்டி, உள்ளே முறுக்கிய இரும்புக் கை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பத்தொன்பது வருடமாக அதே மிஷின். தெருவில் அவருக்கு மிஷின்காரர் என்றே பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: "சுவிட்சை அணைக்காம உள்ள கைவிட்டா, உன் கை உனக்கு இல்ல." அவர் மனைவி வீட்டிலேயே தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். புருஷன் தூங்குகிற நேரத்தில் தையல் மிஷினை ஓட்டமுடியாது. அதனால் பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் ஓரம் மடித்துத் தைப்பாள். தைத்துக்கொண்டே அவர் மூச்சைக் கவனிப்பாள். சீராக வந்தால் தூக்கம். சீராக வராவிட்டால், தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார், அவளுக்காக.

ஒருநாள் காலையில் அவர் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்தவாக்கில் தூங்கிவிட்டார். டீ மடியில் கொட்டியும் எழுந்திருக்கவில்லை. ஆறிய டீ மடியில் கொட்டியதே தெரியாதவர், அந்த இரும்புக் கை முன்னால் இரவெல்லாம் நிற்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் கதவிடுக்கில் நோட்டீஸ் வந்தது. விமான நிலையக் கொள்கை ஏழு வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுமாம். பகல் ஓய்வு நேரத்தைத் தொடர்வதா நீக்குவதா என்று குழு முடிவுசெய்யப் போகிறதாம். பங்குதாரர்கள் அனைவரும் தங்கள் கருத்துகளைத் தேதி, நேர விவரங்களுடன் எழுத்துமூலம் சமர்ப்பிக்கலாம் என்று இருந்தது.

"பங்குதாரரா? நமக்கும் ஏர்போர்ட்ல பங்கு இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலையே" என்றார் மிஷின்காரர். "என் பங்குக்கு அந்த ஓடுதளத்துல ஒரு பாய் போடுற அளவுக்கு இடம் குடுத்தா போதும். அங்கேயே படுத்துக்கிறேன், சத்தம் இங்க வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன்."

"விளையாடாதீங்க. நேர விவரம் கேட்டிருக்காங்க. நான் எழுதப் போறேன்."

"எழுது, எழுது. படிச்சுட்டு ராக்கெட் செஞ்சு விடுவாங்க."

அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். ஜன்னலோரம் ஊசி, நூல், நோட்டு, பேனா. சுவரில் கடிகாரம். பன்னிரண்டு முதல் இரண்டுக்குள் எது போனாலும் தேதி, மணி, நிமிடம், இறங்கினதா ஏறினதா. அக்கம்பக்கத்து மூன்று வீட்டுப் பெண்களிடமும் சொல்லித் தனித்தனி நோட்டுப் போடவைத்தாள். "ஒருத்தி எழுதினா கதைம்பாங்க. நாலு பேர் தனித்தனியா எழுதினா சாட்சி." காய்ச்சலில் படுத்த நாளில்கூட ஒரு வரி விடவில்லை. தெருவில் அவளுக்கு நோட்டுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் இருநூற்றுப் பதினாலு வரிகள் ஆயின.

கருத்துக் கேட்புக் கூட்டம் விமான நிலையக் கட்டிடத்திலேயே நடந்தது. பத்தரை மணிக்கு என்று போட்டிருந்தார்கள். தூக்கத்தை விட்டுவிட்டு, சிவந்த கண்ணோடு, இருபது ஆண்களும் நாலு பெண்களும் போனார்கள். போனபோது நாற்காலிகளையே இன்னும் போட்டு முடிக்கவில்லை. "பொதுமக்கள்ல நேரத்துக்கு முன்னாடியே வந்தது நீங்க மட்டும்தான்" என்று பியூன் பாராட்டினார். தெருக்காரர்களுக்கு அது புதிதல்ல. எங்கே போனாலும் அவர்கள்தான் முதல் ஆள்.

அந்த மண்டபத்தில் அவளை அதிர வைத்தது ஒன்றுதான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே பெரிய விமானம் ஒன்று இறங்கி ஓடியது. உள்ளே ஒரு சத்தம்கூட இல்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் அசையவில்லை. இரட்டைக் கண்ணாடியாம்.

ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிந்தால் ஒரு மணியை அடித்தார்கள். குழுத் தலைவர் பெரிய மனிதர், மரியாதையாகத்தான் பேசினார்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரர் மிஷின்ல நிக்கிறவருங்க. தூங்கினாப் போதும், வேற ஒண்ணும் கேக்கலைங்க. அந்த ரெண்டு மணி நேரத்தை எடுத்துடாதீங்க. இப்பவே மீறித்தான் விடுறாங்க. எட்டு மாசத்துல இருநூத்திப் பதினாலு தடவை."

தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தேதி, நேரம் எல்லாம் இருக்கா?"

"நிமிஷம் வரைக்கும் இருக்குங்க. நாலு வீட்லயும் தனித்தனியா எழுதியிருக்கோம்."

"ரொம்ப நல்லது. இப்படித்தான் ஆதாரத்தோட வரணும்" என்று சொல்லி நாலு நோட்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மணி அடித்தது.

அன்று திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பெரிய அதிகாரி தன் நோட்டை இரண்டு கையால் வாங்கினார் என்பதை நாலு நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஷின்காரருக்கும் உள்ளூரப் பெருமைதான். "என் பெண்டாட்டி எழுதின நோட்டு இப்ப கவர்ன்மெண்ட் பீரோல இருக்கு" என்று ஆலையில் சொன்னாராம்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வெளிவந்தது. அதைச் செல்போனில் இறக்கிக்கொண்டு வந்தவன் அவள் கொழுந்தன். அவன் அதே விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவன், ஒப்பந்தக் கூலி. விமானம் கூடினால் அவனுக்கு வேலை கூடும். அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி நெளிவான். அன்றைக்கு ரொம்பவே நெளிந்தான்.

"படிடா" என்றார் மிஷின்காரர். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார்.

"வேணாம்ணே. சுருக்கமா சொல்லிடுறேன். பகல் ஓய்வு நேரத்தை அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியோட எடுத்துடுறாங்க."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "என் நோட்டைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"அண்ணி..."

"படிங்க தம்பி."

அவன் படித்தான். "குடியிருப்போர் சமர்ப்பித்த இருநூற்றுப் பதினாலு பதிவுகளும் ரேடார் பதிவேட்டுடன் ஒப்பிடப்பட்டன. அவற்றுள் ஆறு மட்டுமே ஐந்து நிமிட வேறுபாட்டுக்குள் பொருந்துகின்றன. நான்கு வீடுகளின் குறிப்புகளும் தமக்குள் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போவதால், இவை ஓரிடத்தில் அமர்ந்து கூட்டாகப் புனையப்பட்டவை என்றே குழு கருதுகிறது. எனவே மீறல் குறித்த புகார் ஏற்கத்தக்கதல்ல."

"புனையப்பட்டவைன்னா?" என்றார் மிஷின்காரர்.

"பொய்யா எழுதினதுன்னு அர்த்தம்" என்றாள் அவள். "நாலு பேரும் கூடிப் பேசி எழுதினோமாம். காய்ச்சல்ல கிடந்தப்பகூட எழுதினேனே. பொருந்தலைன்னா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? நேரா பொய்காரின்னு அச்சடிச்சிடுறதா?"

"விமானக் கம்பெனிக்காரங்களை மூணு தடவை கூப்பிட்டாங்க அண்ணி. ஓட்டல்ல. ரேடார் பேப்பரைக் கையிலயே குடுத்து, தப்பு இருந்தா சொல்லுங்கன்னு ரெண்டு வாரம் டைமும் குடுத்தாங்க. எங்க சூப்பர்வைசர்தான் சொன்னார்."

"நமக்கு மூணு நிமிஷம்" என்றார் மிஷின்காரர்.

கொழுந்தன் அறிக்கையின் கடைசியில் இருந்த பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனான். இவள் எழுதிய நேரம் ஒரு பத்தி, எதிரே 'விமானம் இல்லை' என்று ஒரு பத்தி. பக்கம் பக்கமாக அதே. தற்செயலாகத் தலையைத் தூக்கிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தவன், மறுபடி செல்போனைப் பார்த்தான்.

"அண்ணி, இப்ப மணி என்ன?"

"மூணு பத்து. கண்ணு தெரியலையா?"

"என் போன்ல ரெண்டு அம்பத்தஞ்சு."

"அது ஆலை மணிப்பா. தெருவுல எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஆலையில் கால் மணி நேரம் முன்தள்ளித்தான் சங்கு ஊதுவார்கள். மாவு பொங்கிவிட்டால் யாருக்காகவும் நிற்காது. அடுப்பில் ஏறியே ஆகவேண்டும். தாமதமாக வந்தவர்களால் ஒருநாள் மாவு முழுக்கப் புளித்துக் கொட்டிய பிறகு, அந்தக் காலத்து மேஸ்திரி சங்கைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டாராம். அது அப்படியே நின்றுவிட்டது. தெருவில் எல்லா வீட்டுக் கடிகாரமும் அந்தச் சங்குக்குத்தான் வைத்திருக்கும். அவளுடைய பழைய பட்டன் போனிலும் அதே மணிதான். பள்ளிக்கூட வாட்ச்மேன் இந்தத் தெருப் பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் சாவியைத் தேடுவார். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பதினேழு வருடமாக அவள் அந்த மணியில்தான் சமைத்தாள், தூங்கினாள், பிள்ளை பெற்றாள். அது முன்னால் ஓடுகிற மணி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது ரொம்பப் பழகிப்போய், இல்லாத மாதிரியே ஆகிவிட்டது. விமானம் வேறு மணியில் பறக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மிஷின்காரர் சிரிக்க ஆரம்பித்தார். பல மாதமாகச் சிரிக்காதவர், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "பைலட்டும் நம்ம சங்கு கேட்டுத்தான் கிளம்புவான்னு நெனச்சியாடி?"

"சிரிக்காதீங்க" என்று அவள் அழுதுவிட்டாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலமே கடிதம் எழுதினாள். எங்கள் கடிகாரங்கள் கால் மணி நேரம் முன்னால் ஓடுபவை, ஒவ்வொரு பதிவிலும் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் உண்மை தெரியும், தவறு எங்களுடையது, ஆனால் பொய் சொல்லவில்லை என்று மூன்று முறை திருத்தி எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் கருத்து பெறப்பட்டது. கருத்துத் தெரிவிக்கும் காலம் நிறைவடைந்துவிட்டதால் பரிசீலிக்க இயலாது என வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு முத்திரை இருந்தது.

தெருவில் அவளைப் பார்த்தால் பேச்சு நின்றது. எதிர்வீட்டு அடுப்புக்காரரின் மனைவி மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள். அவளும் ஒரு நோட்டு எழுதியவள்.

"உன் பேச்சைக் கேட்டு எழுதினோம். இப்ப நாங்களும் பொய்காரிங்க. என் நோட்டு உண்மைன்னு எங்க வீட்டுக்காரர் அந்த மண்டபத்துல கையெழுத்துப் போட்டாரே, அந்தக் கையெழுத்துக்கு என்ன மரியாதை?"

"கடிகாரம் நம்ம எல்லார் வீட்லயும்தான் அப்படி ஓடுது அக்கா."

"ஓடட்டும். எழுதலாம்னு சொன்னது நீதானே."

ஒன்றாம் தேதி பிறந்தது. சரியாகப் பன்னிரண்டு ஐந்துக்கு முதல் விமானம் இறங்கியது. இப்போது தன் பட்டன் போனில் சரியான மணியை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பன்னிரண்டு பத்தொன்பது, பன்னிரண்டு முப்பத்தொன்று, பன்னிரண்டு நாற்பது. எழுதுவதற்கு நோட்டு இல்லை, எழுதியும் ஆகப்போவதில்லை. ஆனாலும் மனசு தானாக எண்ணிக்கொண்டே இருந்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய துணியைத் திணித்தாள். பாயைச் சமையலறைக்கு மாற்றினாள், குளியலறைப் பக்கம் மாற்றினாள். காதுக்குப் பஞ்சு வைத்துவிட்டாள். சத்தம் தரை வழியாக வந்தது.

"லீவு போடுங்க" என்றாள் ஒருநாள்.

"எத்தனை நாளைக்கு? ஏழு வருஷத்துக்கா? அடுத்த மறுஆய்வு அப்பத்தானே."

"மேஸ்திரிகிட்டச் சொல்லி அடுக்குற வேலைக்காவது மாத்திக்குங்க. மிஷின் வேணாம்."

"பத்தொன்பது வருஷம் நின்ன இடம். தூக்கம் வருதுன்னு போய் நின்னா நாளைக்கே வேற ஆளை நிறுத்திடுவான்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பயப்படாதே. சுவிட்சை அணைக்காம நான் கைவைப்பேனா?"

பன்னிரண்டாம் நாள் காலை ஏழரைக்கு அவர் வரவில்லை. எட்டு மணிக்கு ஆலை வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, வழக்கத்துக்கு மாறாகக் கதவைத் தட்டினார். தட்டிய சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது என்றார். தொட்டியின் விளிம்பில் ஒட்டிய மாவை வழித்துப் போடக் கையை விட்டிருக்கிறார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "சுவிட்சை அணைச்சுட்டேன்னு சொல்றார்மா. சத்தியம் பண்றார். அணைச்ச மாதிரிதான் அவருக்கு ஞாபகமாம். பக்கத்துல நின்னவன் பாத்திருக்கான், கண்ணு திறந்துதான் இருந்துச்சாம், ஆள் தூங்கிட்டிருந்திருக்கார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, ஆலை ரிப்போர்ட்டில் கவனக்குறைவு என்று எழுதவேண்டியிருக்கும், தப்பா நினைக்கவேண்டாம் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வருடத்தில் இரண்டாவது தடவையாக அந்த வீட்டைப் பற்றி யாரோ எதையோ எழுதப்போகிறார்கள், அவ்வளவுதான்.

ஐந்து வாரம் கழித்து, கொழுந்தன் எங்கெங்கோ சொல்லி, விமான நிலைய அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவு அதிகாரி ஒருவரைப் பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்தான். தானே விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தான். போகும்போது பஸ்ஸில், "ஒண்ணும் எதிர்பாக்காதீங்க அண்ணி" என்றான்.

"எதுவும் கேக்கப் போறதில்லை. பொய்னு எழுதினதை அடிச்சுக் குடுத்தாப் போதும். பதிவு உண்மைன்னு ஆனா, ரத்து பண்ணினதும் தப்புன்னுதானே ஆகும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதிகாரி ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு அம்மாள். ஏசி குளிருக்குக் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். இவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த அலுவலகத்தில் அப்படி ஒருவர் கேட்டதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் ரேடார் பதிவேட்டைத் திறந்து, குழுவின் கோப்பில் இருந்த நோட்டு நகலைப் பக்கத்தில் வைத்து, வரிவரியாகப் பதினைந்தைக் கழித்துப் பார்க்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முடிந்ததும் துண்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"எல்லாமே பொருந்துதும்மா" என்றார். "இருநூத்திப் பதினாலும். ஒண்ணுகூடப் பிசகலை. ஓய்வு நேரத்துக்காகப் பதினொண்ணே முக்காலுக்கே விமானத்தைக் குறைச்சுடுவாங்க; இதுல முப்பத்தொண்ணு மட்டும் பன்னிரண்டு மணிக்கு முன்னாடி வந்தது, அது மீறல் இல்ல. மத்த நூத்தி எண்பத்து மூணும் மீறல்தான்."

அவள் கொழுந்தன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுமட்டும் இல்ல" என்றார் அதிகாரி. "உங்க கடிகாரத்துல ரெண்டு அடிச்சதும் நீங்க எழுதறதை நிறுத்திட்டீங்க. அப்ப மணி ஒண்ணே முக்கால்தான். அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துல வந்தது இன்னும் நாப்பது இருக்கு. மொத்தம் இருநூத்தி இருபத்து மூணு. நீங்க குறைச்சுத்தான் எழுதியிருக்கீங்க."

"அந்த நாப்பது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ரேடார்ல இருக்கே."

"இப்பத்தான் வந்துச்சா?"

அந்த அம்மாள் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். "இல்லம்மா. அன்னன்னைக்கே பதிவாயிடும். குழுவுக்கு இதைத்தான் அனுப்பினோம்."

"அப்ப அவங்க கையில இது இருந்துச்சு."

"இருந்துச்சு. குடியிருப்போர் குடுத்த பட்டியல் சரியான்னு பாருங்கன்னு கேட்டாங்க. பாத்துப் பொருந்தலைன்னு எழுதினாங்க. மொத்தம் எத்தனை மீறல்னு யாரும் கேக்கலை. கேக்காததுக்கு நாங்களா பதில் சொல்ற வழக்கம் இல்ல."

"நீங்க இப்பச் சொன்னதை எழுதிக் குடுங்கம்மா. ரெண்டே வரி. இவங்க பொய் சொல்லலைன்னு."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. கோப்பு மூடியாச்சு. அடுத்த மறுஆய்வுலதான்." அவர் துண்டை மறுபடி எடுத்தார், சுற்றிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்று ஆகியிருந்தது. மிஷின்காரர் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கை மடித்த தலையணைமேல் இருந்தது. இப்போது அவருக்கு இரவு வேலை இல்லை, பகலில் தூங்கவேண்டிய அவசியமும் இல்லை.

"என்ன சொன்னாங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் விமானம் வந்துவிட்டது. இருவரும் காத்திருந்தார்கள். கூரைக்குமேல் இழுபட்டுப் போய், ஓடுதளத்தில் தொட்டு, முழுக்க அடங்கும் வரைக்கும் அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"நாம எழுதினது எல்லாம் சரியாம். ஒண்ணுகூடத் தப்பில்லையாம்."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்ல, என் பெண்டாட்டி நோட்டு சோடை போகாதுன்னு. அப்ப நிறுத்திடுவாங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். நாம எழுதினதைவிட அதிகமாவே அவங்ககிட்ட இருந்துச்சாம். தேதி, மணி, நிமிஷம் எல்லாம்."

அவர் யோசித்தார். அவரிடம் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"பின்ன எதுக்கு உன்னை எழுதச் சொன்னாங்க?"